சென்னையில் வேலை, சம்பளம், எச்.ஆர்.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எச்.ஆர். (மனிதவள) வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன், முதலில் அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், அப்புறம் ஓ.எம்.ஆரில். தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போன் போட்டுக் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் கேட்பதும் இதில் இருக்கிறது, இருபது முப்பது பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் கேட்பதும் இருக்கிறது. வழக்கு வரை போகிற விஷயமென்றால் வக்கீலைப் பாருங்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

புதுத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டதாமே, கைக்கு வரும் சம்பளம் குறையுமா?

பெரும்பாலானவர்களுக்குக் குறையாது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2019-லும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள், 2025 நவம்பர் 21 அன்று அவை நடைமுறைக்கு வந்தன. எல்லோரையும் தொடுகிற மாற்றம் 'ஊதியம்' என்பதன் வரையறையில்தான் இருக்கிறது. மொத்தச் சம்பளத்தில் குறைந்தது பாதியாவது ஊதியமாகக் கணக்கில் வர வேண்டும். நம் ஊரில் பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) 30 சதவீதத்தில் நிறுத்திவிட்டு மீதியை வீட்டு வாடகைப்படி, ஸ்பெஷல் அலவன்ஸ் என்று பிரித்துப் போடுவது வழக்கம், ஏனென்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (வேலையை விடும்போது சர்வீஸுக்காகக் கம்பெனி தரும் பணிக்கொடை) இரண்டுக்கும் பேசிக்தான் அடிப்படையாக இருந்தது.

பி.எஃப்.பில் சட்டம் கட்டாயமாக்குவது 15,000 ரூபாய் வரைக்கும்தான். உங்கள் கம்பெனி அந்த உச்சவரம்புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் மட்டும் பிடித்துக் கட்டுகிறதென்றால் ஊதியக் கணக்கு மாறினாலும் பிடித்தம் மாறாது. முழு பேசிக்குக்கும் கட்டுகிற கம்பெனியென்றால் பிடித்தம் கூடும், கையில் கொஞ்சம் குறையும், ஆனால் அந்தப் பணம் உங்கள் கணக்கில்தான் சேர்கிறது.

உண்மையான லாபம் கிராஜுவிட்டியில். மாதம் 50,000 ரூபாய் சம்பளம், பேசிக் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருட சர்வீஸுக்கு பேசிக்கில் 26-இல் 15 பங்கு, 8,654 ரூபாய், ஐந்து வருடத்துக்கு 43,269. புதுக் கணக்கில் ஊதியம் 25,000 ஆகிறது, அதே ஐந்து வருடத்துக்கு 72,115 வரும். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு, இது பெரிய விஷயம். நிரந்தர ஊழியர்களுக்குப் பழையபடி ஐந்து வருடம்தான், அதிலும் நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் சி.டி.சி.க்குள் (உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்குள்) கிராஜுவிட்டியைச் சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டு வருடத்தில் வேலை மாறுகிறவர் அந்தப் பணத்தைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார், ஆனால் '12 லட்சம் பேக்கேஜ்' என்ற கணக்கில் அதுவும் அடக்கம். அப்புறம், செப்டம்பர், மார்ச் பக்கம் சம்பளத்தில் ஏதோ குறைகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது தொழில் வரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சிக்குப் போகிறது, அதிகபட்சம் 1,250 ரூபாய்.

எச்.ஆரிடம் மனம் விட்டுப் பேசலாமா? அவர்கள் யார் பக்கம்?

கம்பெனி பக்கம். இதில் மறைக்க ஒன்றுமில்லை, எனக்குச் சம்பளம் தருவதும் கம்பெனிதான். அதற்காகப் பேசவே கூடாது என்று அர்த்தமில்லை. நாளைக்குக் கம்பெனிக்குச் சட்டச் சிக்கலாகப் போகக்கூடிய எந்த விஷயத்தையும், சம்பள பாக்கி, தொல்லை, பாரபட்சம், பாதுகாப்பு எதுவானாலும், ஒரு நல்ல எச்.ஆர். காதில் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் நீங்கள் கேன்டீனில் நின்றுகொண்டு புலம்பினால் அது புலம்பலாகவே போய்விடும். நேரில் பேசுங்கள், பேசி முடித்து இடத்துக்கு வந்ததும் 'இன்று காலை உங்களிடம் சொன்னது' என்று ஆரம்பித்து நாலு வரியில் ஒரு மெயில் போடுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் இருந்தார்கள், நீங்கள் என்ன கேட்கிறீர்கள். இந்த நாலு வரி இருக்கிற ஊழியருக்கும் இல்லாத ஊழியருக்கும் ஆறு மாதம் கழித்து நடக்கிற வித்தியாசத்தை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எல்லோரிடமும் விடாமல் சொல்கிறேன்.

கூடவே ஓர் எச்சரிக்கை. ஆதாரம் வேண்டும் என்று கம்பெனி ஃபைல்களைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள். ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனதாக அதையே காரணமாகக் காட்டி அனுப்பிவிடுவார்கள். உங்கள் சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம், ஆஃபர் லெட்டர், லீவ் விவரம் இவையெல்லாம் உங்களுடையவை, மாதா மாதம் டவுன்லோடு செய்து வையுங்கள். லாகின் போன பிறகு ஒன்றும் எடுக்க முடியாது.

90 நாள் நோட்டீஸ். புதுக் கம்பெனி 30 நாளில் வரச் சொல்கிறது. பாதியில் விட்டுப் போனால் என்ன ஆகும்?

உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க எந்தச் சட்டமும் இல்லை. ஒப்பந்தப்படி மிச்ச நாட்களுக்கான பணத்தைக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் ரிலீவிங் லெட்டர் வராது, அடுத்தடுத்த கம்பெனிகளின் பேக்கிரவுண்டு செக்கில் ஒவ்வொரு முறையும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். அதனால் சண்டை போடாமல் முடிக்கப் பாருங்கள். ஆஃபர் லெட்டரில் நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டலாம் என்பது உங்கள் விருப்பமா, கம்பெனியின் விருப்பமா என்று வரி வரியாகப் படியுங்கள். புதுக் கம்பெனி பை-அவுட் தொகையைத் தரும் என்றால் வாய்ப்பேச்சாக விடாமல் அவர்கள் ஆஃபரிலேயே எழுதி வாங்குங்கள். எந்த வேலையை எந்தத் தேதிக்குள் யாரிடம் ஒப்படைப்பேன் என்று ஒரு அட்டவணை போட்டு மேனேஜருக்கு அனுப்பினால், பத்தில் ஏழு மேனேஜர்கள் இறங்கி வருவார்கள்.

என்னைக் கேட்டால் 90 நாள் நோட்டீஸ் கம்பெனிகளுக்கே கெடுதல். ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கிறோம், அந்த மூன்று மாதத்தில் அவர் இன்னும் இரண்டு ஆஃபர் வாங்கிவிடுகிறார், சேர வேண்டிய திங்கட்கிழமை காலை போன் சுவிட்ச் ஆஃப். எல்லோரும் சேர்ந்து 45 நாளுக்கு வந்தால் எல்லோருக்கும் நிம்மதி, ஆனால் முதலில் யார் குறைப்பது என்று நிற்கிறார்கள்.

கடைசிக் கணக்கைப் பற்றி: 45 நாள் கழித்து வரும் என்று சொல்வது பழைய பழக்கம். ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, நீக்கினாலும் சரி, நீங்களே ராஜினாமா செய்தாலும் சரி, ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். கேட்கும்போது இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இரண்டு வருட பாண்டில் கையெழுத்து கேட்கிறார்கள், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், உங்கள் கண் முன்னாலேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகலில் நீங்களே சான்றொப்பம் போட்டுக் கொடுங்கள். 'எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள்' என்று சொல்லும் கம்பெனியில் சேர்வதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள். ஊரிலிருந்து முதல் வேலைக்கு வரும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொண்டு, அம்மா அப்பாவிடமும் சொல்ல முடியாமல் தவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

பாண்ட் வேறு விஷயம். 'பாண்டெல்லாம் செல்லாது' என்று பலரும் சொல்வது முழு உண்மையில்லை. வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி செல்லாது. ஆனால் இத்தனை வருடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு பணம் என்பதை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் ஏற்றுக்கொண்டது. மூன்று வருடம், இரண்டு லட்சம் ரூபாய். தொகை நியாயமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மாதம் 18,000 சம்பளத்தில் இரண்டு வாரம் பயிற்சி என்று ஸ்லைடு காட்டிவிட்டு ஐந்து லட்சம் கேட்டால், என்ன செலவு செய்தீர்கள் என்று கம்பெனிதான் காட்ட வேண்டியிருக்கும்.

மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு 'இப்போதே ராஜினாமா எழுதிக் கொடு' என்கிறார்கள். என்ன செய்வது?

கையெழுத்துப் போடாதீர்கள், அன்றைக்குப் போடாதீர்கள். இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியம். காலண்டரில் தலைப்பில்லாத ஒரு மீட்டிங். உள்ளே போனால் மேனேஜரும் எச்.ஆரும், மேஜையில் ஏற்கெனவே டைப் செய்த கடிதம். 'நீங்களே போவதாக எழுதினால் அனுபவச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும், இல்லையென்றால் டெர்மினேஷன் என்று பதிவாகும்' என்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது: 'படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும், மெயிலில் அனுப்புங்கள்.' திரும்பத் திரும்ப இதையே சொல்லலாம், குரல் உயர்த்தத் தேவையில்லை. வெளியே வந்ததும் நடந்ததை எழுதி எச்.ஆருக்கு மெயில் போடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ராஜினாமா என்று எழுதிவிட்டால் பெரும்பாலான பாதுகாப்பு போய்விடும். ஆட்குறைப்பென்றால், ஒரு வருடம், அதாவது 240 நாள், வேலை செய்த தொழிலாளருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம் நஷ்டஈடு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-வது பிரிவும் இருக்கிறது, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது.

'நான் ஐ.டி., நான் எங்கே தொழிலாளி' என்று கேட்பவர்கள் அதிகம். ஐ.டி. துறைக்கு அப்போதைய தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை, சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசே 2016-இல் தெளிவுபடுத்திவிட்டது. சம்பளம் எவ்வளவு என்பதைவிட நீங்கள் நிஜத்தில் செய்கிற வேலை எது என்றுதான் பார்ப்பார்கள். விசிட்டிங் கார்டில் 'லீட்' என்று இருந்தாலும், நாள் முழுக்க புரோகிராம் எழுதுகிறவர் தொழில்நுட்ப வேலை செய்கிற தொழிலாளிதான். லீவ் அனுமதிப்பது, ஆள் எடுப்பது, நீக்குவது எல்லாம் கையில் இருக்கிற நிர்வாகிக்குத்தான் இது பொருந்தாது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, சமரச அலுவலரிடம் மனு கொடுக்க வக்கீல்கூட வேண்டியதில்லை. 45 நாளில் முடிவு வராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயம் போகலாம். தள்ளிப்போடாதீர்கள், புதுத் தொகுப்பில் அதற்கான காலம் இரண்டு வருடம்தான்.

வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வது என் உரிமையா?

ஆஃபர் லெட்டரில் எழுதியிருந்தால் ஒழிய, இல்லை. ஆனால் இதைச் சட்டக் கேள்வியாகவே பார்ப்பது தப்பு என்று நினைக்கிறேன். மாதவரத்திலிருந்தோ ஆவடியிலிருந்தோ சிறுசேரிக்குப் போய்வருகிறவர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் சாலையில் கழிக்கிறார், மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரின் நடுவில் தடுப்பு வைத்ததிலிருந்து இன்னும் மோசம். இந்த நேரம் எந்த டைம்ஷீட்டிலும் ஏறுவதில்லை, ஆனால் களைப்பு ஏறுகிறது. மேனேஜர்களுக்கு நான் சொல்வது: பதினொன்று முதல் நான்கு வரை எல்லோரும் இருக்கட்டும், காலையில் ஏழு மணிக்கு வருகிறவர் வரட்டும், பத்தரைக்கு வருகிறவர் வரட்டும். மழைக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு எழுதி வையுங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது 15 முதல் 18 வரை ஐ.டி. ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய வைக்கும்படி அரசே கேட்டுக்கொண்டது. பள்ளிக்கரணையில் தண்ணீர் நிற்பது வருடா வருடம் தெரிந்த விஷயம், அதற்கு அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் முடிவெடுக்க வேண்டியதில்லை.

இரவு பத்து மணிக்கும் மேனேஜர் மெசேஜ் போடுகிறார். பதில் சொல்லாமல் இருக்கலாமா?

வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பு கொள்ளாமல் இருக்கும் உரிமை என்று நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாக்கள் வந்திருக்கின்றன, சட்டமாகவில்லை. வேலை நேரத்துக்குச் சட்டம் உண்டு: கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் கொண்டாடிய ஊர் இது, இங்கே வேலை நேரத்தைத் தொட்டால் அமைதியாக இருக்க மாட்டார்கள்.

நடைமுறையில், 'நாளைக் காலை ஒன்பதரைக்குப் பார்த்துச் சொல்கிறேன்' என்று ஒரு வரி போடுங்கள், சொன்னபடி ஒன்பதரைக்குப் பதில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பலருக்குப் பழகிவிடும். தூக்கம் போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நெஞ்சு படபடக்கிற நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

ஜவுளிக்கடையில் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் உட்கார இருக்கை வைப்பது கட்டாயமாக்கப்பட்டது. ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று நான் எப்போதும் பார்ப்பேன். பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் துணிக் கட்டு இருக்கிறது, அந்தப் பெண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர்களும் இதில் ஒரு வேலை செய்யலாம், சேலை எடுத்துப் போடுகிறவரிடம் 'உட்கார்ந்தே காட்டும்மா' என்று சத்தமாகச் சொல்லுங்கள், சூப்பர்வைசர் காதில் விழட்டும்.

ஆபீஸில் ஒருவர் தவறாக நடந்துகொள்கிறார். புகார் கொடுத்தால் என் பெயர்தானே கெடும்?

இந்தப் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கு என்னவெல்லாம் தருகிறது என்று முழுதாகத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர் கட்டாயம். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றக் கேட்கலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். பெயரை வெளியே விடுவது சட்டப்படி தப்பு. கம்பெனி கேப் வண்டியில் நடந்தாலும் வேலையிடத்தில் நடந்ததாகவே கணக்கு, பயிற்சிக்கு வந்தவர், ஒப்பந்த ஊழியர், வீட்டு வேலை செய்கிறவர் எல்லோரும் புகார் கொடுக்கலாம். சின்ன கம்பெனியென்றாலோ முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட ஆட்சியரின் கீழ் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம், மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு: சுவரில் நான்கு பெயர் எழுதி ஒட்டுவது குழு ஆகாது. அதில் இரண்டு பேர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார்கள், வெளி உறுப்பினரின் போன் நம்பர்கூட யாரிடமும் இருக்காது. இன்றைக்கே எழுந்து போய் அந்தத் தாளைப் பாருங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், எப்போது சொல்வது? வேலை போய்விடுமா?

எழுத்தில் சொல்லுங்கள், சீக்கிரமே சொல்லுங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். விடுப்பில் இருக்கும்போது நீக்குவது சட்டவிரோதம். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், இதைத்தான் பெரும்பாலான இடங்களில் கண்டுகொள்வதில்லை. சண்டை பெரும்பாலும் திரும்பி வந்த பிறகுதான் வருகிறது: ஆறு மாதம் இல்லாதவர் என்று அப்ரைசலில் கீழே தள்ளுவார்கள். போகும்முன் உங்கள் கடைசி ரேட்டிங், செய்து முடித்த வேலைகள் இரண்டையும் மேனேஜரிடம் மெயிலில் உறுதி செய்துகொண்டு போங்கள்.

அம்பத்தூரில் லேத் பட்டறை, 25 பேர். ஆட்கள் மூன்று மாதம்கூட நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதற்குப் பதில் பெரும்பாலும் முதலாளியின் கையிலேயே இருக்கிறது. 'இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை' என்பதை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டு, பட்டறைக்குள் ஒரு புதுப் பையனாக நடந்து பாருங்கள். முதல் நாள் அவனை யார் கூப்பிட்டு மெஷினைக் காட்டினார்கள்? கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? மே மாதம் இரண்டு மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மின்விசிறி வேலை செய்கிறதா? சம்பளம் ஏழாம் தேதிக்குள் வருகிறதா? ஏழாம் தேதி என்பது சட்டமே சொல்கிற தேதி. சம்பளம் 'இந்த வாரம் போடுறேன்' என்று பதினைந்தாம் தேதி வரை இழுக்கும் இடத்தில், 1,000 ரூபாய் குறைவாக இருந்தாலும் தேதி தவறாத இடத்துக்குத்தான் ஆட்கள் போவார்கள். வாடகை ஐந்தாம் தேதி கட்ட வேண்டுமே.

அடுத்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பெரிய தொழிற்சாலைகள் பஸ் அனுப்புகின்றன, சாப்பாடு போடுகின்றன, தங்க இடம் தருகின்றன. வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பையே கட்டி 2024-இல் திறந்தது. அவர்களோடு சம்பளத்தில் நீங்கள் போட்டி போட முடியாது. ஆனால் அங்கே ஒரு பையன் வருடம் முழுக்க ஒரே ஸ்க்ரூவைத்தான் முடுக்குவான், உங்களிடம் இரண்டு வருடத்தில் லேத், மில்லிங், சி.என்.சி. மூன்றும் கற்றுக்கொள்ளலாம். அதைச் சொல்லி ஆள் எடுங்கள், சொன்னபடி கற்றுக்கொடுங்கள், ஒவ்வொரு மெஷின் கற்றதும் இவ்வளவு உயர்வு என்று சுவரில் எழுதிப் போடுங்கள். கிண்டி, அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.களில் போய்ப் பேசுங்கள். 30 பேருக்குக் கீழ் இருக்கும் நிறுவனங்களுக்கு அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயமில்லை, ஆனால் எடுக்கலாம், உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கிறது.

போனஸ்: 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு குறைந்தபட்சம் 8.33 சதவீதம் சட்டப்படி உண்டு. சட்டத்தின் கெடு நவம்பர் கடைசி, ஆனால் நம் ஊரில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கையில் கொடுத்தால் யாருக்கும் சந்தோஷமில்லை, துணி எடுக்க நேரம் வேண்டும், ஊருக்கு டிக்கெட் போட வேண்டும். பத்து நாள் முன்னதாகக் கொடுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கும் அதே விகிதம், அதே தேதி. அவர்களைக் கான்ட்ராக்டர் கணக்கில் விட்டுவிட்டு எதுவும் தெரியாதது போல் இருப்பது சட்டத்துக்கும் ஒத்துவராது, மனசாட்சிக்கும் ஒத்துவராது.

இன்டர்வியூவில் 'சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் எப்போது' என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டுமா?

வேலைக்குச் சம்பந்தமில்லை, சொல்ல வேண்டியதில்லை. ஊரையும் தெருவையும் கேட்பது சில சமயம் பேச்சுக்காக இருக்கும், சில சமயம் சாதியைத் தெரிந்துகொள்ள இருக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எது என்று உடனே புரிந்துவிடும். 'சென்னையில்தான் இருக்கிறேன், ஷிப்டுக்கு வருவதில் பிரச்சினையில்லை' என்று வேலைக்கு வேண்டிய பதிலை மட்டும் கொடுங்கள். எச்.ஆர். ஆட்களே, உங்கள் பேனலில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்காதே என்று எழுத்தில் கொடுங்கள். நான் பேனலில் இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன், ஒரு முறை நிறுத்தினால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள்.

ஏ.ஐ. வந்து வேலை போய்விடுமா? ரெஸ்யூமே கூட மெஷின்தான் பார்க்கிறதாமே?

சில வேலைகள் குறைகின்றன, அதை மறைக்க மாட்டேன். முதல்நிலை சப்போர்ட், டேட்டா என்ட்ரி, சாதாரண டெஸ்டிங், எச்.ஆரிலேயே ரெஸ்யூமே பிரிப்பது, லெட்டர் தயாரிப்பது எல்லாம் முன்பு நாலு பேர் செய்ததை இப்போது ஒருவர் செய்கிறார். புதிதாகப் படித்து வருகிறவர்கள் முதலில் ஏறுகிற படி இந்த வேலைகள்தான் என்பதால் அவர்களுக்குத்தான் அடி அதிகம். கம்பெனிகள் ஃப்ரெஷர்களை எடுப்பதைக் குறைத்தால் ஐந்து வருடம் கழித்து அனுபவசாலிகள் எங்கிருந்து வருவார்கள் என்று நான் கேட்காத கூட்டம் இல்லை.

ரெஸ்யூமே மென்பொருள் வழியாகப் போகிறது என்பது உண்மை. இரண்டு நெடுவரிசை, படம், கட்டம் எல்லாம் வேண்டாம், சாதாரண வடிவத்தில் வையுங்கள், வேலை அறிவிப்பில் இருக்கிற சொற்களில் உங்களுக்கு நிஜமாகத் தெரிந்ததை அப்படியே எழுதுங்கள். தெரியாததை எழுதாதீர்கள், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். வேலைக்குப் பணம் கேட்டால், 'ரீஃபண்டபிள் டெபாசிட்' என்று சொன்னாலும், அது மோசடி. கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

அட்டென்டன்ஸ் ஆப் என் லொகேஷனையும் முகத்தையும் எடுக்கிறது. கேட்க உரிமை உண்டா?

என்ன எடுக்கிறார்கள், எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். 2023-இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, முக்கியமான கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேலைத் தேவைக்காகச் சில தகவலைச் சம்மதமின்றியும் கம்பெனி பயன்படுத்தலாம் என்று சட்டம் இடம் தருகிறது, ஆனால் ஷிப்டு முடிந்த பிறகும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்ப்பது அந்தத் தேவைக்குள் வராது என்பது என் கருத்து. போனில் 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று லொகேஷனை மாற்றி வையுங்கள்.

டெலிவரி ஓட்டுகிறேன். எனக்கு இதெல்லாம் உண்டா?

பி.எஃப்., கிராஜுவிட்டி இல்லை, ஏனென்றால் உங்களை ஊழியர் என்றே ஆப் கம்பெனிகள் ஏற்பதில்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு முதல்முறையாக கிக் தொழிலாளர்களை (உங்களைப் போல ஆப் வழியாக வேலை எடுத்துச் செய்கிறவர்களை) பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்று நல வாரியம் 2023 முதல் இருக்கிறது, அதில் பதிவு செய்யுங்கள், மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதியுங்கள், பதிவு இல்லாமல் எந்த உதவியும் உங்கள் பெயருக்கு வராது. அண்ணா நகரிலும் தி. நகரிலும் மாநகராட்சி 2025-இல் ஏ.சி. ஓய்வறை திறந்தது, நல்ல காரியம், இன்னும் இருபது இடத்தில் வேண்டும்.

சங்கத்தில் சேர்ந்தால் பழிவாங்குவார்களா?

சேர்வது உங்கள் உரிமை, அதற்காகத் தண்டிப்பது சட்டப்படி முறையற்ற தொழிலாளர் நடவடிக்கை. 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய ஊர் இது. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது, முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்தைப் பதிவு செய்வது, அது 2025 ஜனவரியில்தான் நடந்தது. நிர்வாகத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், பேச ஆளே இல்லாத இடத்தில்தான் கோபம் சேர்ந்து ஒரே நாளில் வெடிக்கிறது, பேசுவதற்கு ஒரு சங்கம் இருப்பது நிர்வாகத்துக்கும் நல்லது.

சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் கட்டுகிறார்களா என்று தெரியவில்லை.

மத்திய அரசின் உமங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் 15-க்குள் கட்டப்பட வேண்டும், பதிவாகச் சில நாள் ஆகலாம். இரண்டு மாதமாக வரவில்லை என்றால் முதலில் அக்கவுண்ட்ஸில் கேளுங்கள், அப்புறம் சம்பளச் சீட்டை இணைத்து பி.எஃப். இணையதளத்தின் குறைதீர் பக்கத்தில் புகார் பதியுங்கள், தேவைப்பட்டால் ராயப்பேட்டை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ.யையும் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இதேபோல் பாருங்கள், உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி 3.25. கே.கே. நகரிலோ அயனாவரத்திலோ இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் போய் நின்ற பிறகு 'உங்கள் பெயரில் பணம் கட்டவில்லை' என்று தெரியவருவதைவிட, இப்போதே கார்டு நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வீட்டில் யார் யார் பெயர் சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள், கல்யாணத்துக்குப் பிறகு மனைவி பெயரையும் குழந்தை பிறந்ததும் அதன் பெயரையும் சேர்க்க மறந்தவர்கள் நிறையப் பேர்.